எதிரணிக்கும் நாமே வாங்குவோம்

சதுரங்கப் பலகை ஒன்றை வாங்கி வீட்டிற்குக் கொண்டுவந்தால், அத்துடன் அவ்விளையாட்டுக்கான செலவு முடிந்துவிடுகிறது. 32 காய்கள், 64 கட்டங்கள். அடுத்த ஆண்டு புதிய குதிரையொன்று விற்பனைக்கு வந்திருக்கிறது என்று எவரும் நம் வாயிற்கதவைத் தட்டுவதில்லை. தாயத்திற்கோ அந்தச் செலவும் வேண்டுவதில்லை. தரையில் கட்டம் கிழித்து, புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டால் போதும். ஆனால், 'வாங்கி முடித்தோம்' என்று என்றுமே சொல்லவியலாத விளையாட்டு வகை ஒன்று அமெரிக்க நாட்டில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தழைத்து வருகிறது. முதலில் ஒரு பெட்டி. பின்னர் அதனோடு சேர்த்து ஆடத்தக்க துணைப்பெட்டிகள். அவற்றைத் தொடர்ந்து மேலும் துணைப்பெட்டிகள். பிள்ளைகள் கேட்கிறார்கள், பெற்றோர் பணம் தருகிறார்கள். எங்கே நிறுத்துவது என்பது இரு சாராருக்கும் தெரிவதில்லை.

அவ்வகையுள் புகழ்பெற்ற ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். 1977-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தையும் அதன் தொடர்ச்சிகளையும் நம் வாசகர்களுட் பலர் கண்டிருப்பர். அப்படங்களில் பறந்து போரிடும் விண்கலங்களைச் சிற்றுருவங்களாக வடித்து, மேசைமேல் வைத்து இருவர் எதிரெதிரே ஆடும் விளையாட்டு ஒன்றை, மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த 'ஃபேண்டஸி ஃப்ளைட் கேம்ஸ்' என்னும் நிறுவனம் 2012-ஆம் ஆண்டு வெளியிட்டது. 'எக்ஸ்-விங்' என்பது அதன் பெயர். சிறகுகள் விரியும்போது ஆங்கில 'எக்ஸ்' எழுத்துப்போல் தோன்றும் கலத்தின் பெயரே அது. அயல்நாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மாமாவோ சித்தப்பாவோ அன்பளிப்பாகக் கொண்டுவரும் பொருள்களுள் இத்தகைய பெட்டியும் இருக்கக்கூடும். பெட்டி வந்தபின், 'அடுத்து எதை வாங்குவது?' என்ற கேள்வி எழாமற் போகாது. நாள்தோறும் ஆடுவோரைப் பற்றியன்று, விடுமுறையில் இருமுறை, மழை நாளில் ஒருமுறை என்று ஆடும் சாதாரணக் குடும்பத்தைப் பற்றியே நாம் பேசப்போகிறோம்.

முதலில் இவ்விளையாட்டின் நயத்தைச் சொல்லிவிட வேண்டும். இதனை வெறும் பொம்மை வாணிகம் என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது.

பெட்டியில் மூன்று கலங்கள் இருக்கும். ஒன்று எக்ஸ்-விங், மற்ற இரண்டும் பேரரசின் 'டை ஃபைட்டர்' என்னும் சிறு போர்க்கலங்கள். யாவும் 270-இல் ஒரு பங்கு அளவில், வண்ணம் தீட்டப்பட்டே வருகின்றன. ஒவ்வொரு கலத்திற்கும் அட்டையாலான ஒரு சுழல்வட்டு உண்டு. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இருவரும் தத்தம் வட்டினைத் திருப்பி, தம் கலம் நேரே செல்லுமா, சரிந்து வளையுமா, கடுமையாகத் திரும்புமா, எவ்வளவு தூரம் செல்லும் என்பதை மறைவாகக் குறித்து, கவிழ்த்து வைத்துவிடுகின்றனர். பின்னர் வட்டுகளைத் திறந்து, குறித்தபடியே கலத்தை நகர்த்த வேண்டும். நகர்த்துவதற்கு 11 வழியட்டைகள் உள்ளன. நேர்வழிக்கு 5, மெல்லிய வளைவுக்கு 3, கூரிய திருப்பத்திற்கு 3. கலத்தின் அடித்தட்டுக்கு முன்னே வழியட்டையைப் பொருத்தி, அதன் மறுமுனையில் கலத்தைக் கொண்டுபோய் வைப்பதே நகர்வு. கட்டங்கள் இல்லை. மூன்றடிக்கு மூன்றடிப் பரப்பு முழுதும் வானம்.

இதிலேதான் சுவை இருக்கிறது. எதிராளி எங்கே செல்வான் என்று ஊகித்து நாம் வட்டினைத் திருப்புகிறோம். நாம் ஊகிப்போம் என்று அவனும் ஊகிக்கிறான். திறமை எண் குறைந்த கலவோட்டி முதலில் நகர வேண்டும். சுடும்போதோ எண் மிகுந்தவரே முதலில் சுடுவார். ஒரு கலம் மற்றொன்றின்மேல் வந்து முட்டினால், அச்சுற்றில் அது செய்யவேண்டிய தனிச்செயலை இழந்துவிடும். முன்புறமாக வரையப்பட்ட சுடுகோணத்துள் எதிரி அகப்பட்டால் மட்டுமே பெரும்பாலான கலங்கள் சுட முடியும். அருகில் நின்று சுட்டால் தாக்குபவருக்கு ஒரு பகடை கூடுதல். நெடுந்தொலைவிலிருந்து சுட்டால் தற்காப்பவருக்கு ஒரு பகடை கூடுதல். பகடைகளுக்கு எட்டு முகங்கள். தாக்குதலுக்குச் சிவப்பு, தற்காப்புக்குப் பச்சை. எக்ஸ்-விங் மூன்று சிவப்புப் பகடைகளை உருட்டும். இரண்டு கேடயமும் உண்டு. டை ஃபைட்டருக்குக் கேடயமே இல்லை. இரண்டு சிவப்புப் பகடைகள்தாம். ஆனால், நழுவி ஓடுவதற்கு மூன்று பச்சைப் பகடைகள். வலியது ஒன்று, விரைவானவை இரண்டு என்னும் இந்த ஏற்பாட்டிலேயே ஒரு மாலைப் பொழுது இனிதே கழிந்துவிடும். முதலாம் உலகப்போர் விமானங்களை வைத்து 2004-இல் இத்தாலியர் இருவர் அமைத்த 'விங்ஸ் ஆஃப் வார்' என்ற விளையாட்டிலும் இவ்வாறே நகர்வை மறைவாகத் தேர்ந்து, ஒருசேர வெளிப்படுத்தும் முறை இருந்தது. அதனை ஆடியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

நிற்க. சேர்க்கும் விளையாட்டுகள் என்று பொதுவாகச் சொல்லப்படுவனவற்றுள் இருவகை உண்டு என்பதைப் பெற்றோர் அறிந்துகொள்ளுதல் நலம். 1993-இல் 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் சீட்டு விளையாட்டு வெளிவந்தது. அதன் பொட்டலங்கள் மூடியே விற்கப்படும். உள்ளே எந்தச் சீட்டு இருக்கிறது என்பது பிரித்த பின்னரே தெரியும். வேண்டிய சீட்டுக் கிடைக்கும்வரை வாங்கிக்கொண்டே போகலாம். கிடைக்காமலே போகவும் கூடும். இதே ஸ்டார் வார்ஸ் கலங்களை வைத்து, 2006-இல் 'ஸ்டார்ஷிப் பேட்டில்ஸ்' என்ற பெயரில் ஒரு விளையாட்டு வந்தது. அதிலும் கலங்கள் மூடிய பொட்டலங்களிலேயே வந்தன. பரிசுச் சீட்டுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது என்பதே நம் எண்ணம். சிறுவர் கையில் கொடுக்கத்தக்கது அன்று அது.

எக்ஸ்-விங் அவ்வாறன்று. துணைப்பெட்டி ஒவ்வொன்றும் உள்ளிருப்பது கண்ணுக்குத் தெரியும்படி ஒளிபுகும் உறையில் அமைந்தது. எந்தக் கலம், எந்தக் கலவோட்டிகள், எந்த மேம்பாட்டுச் சீட்டுகள் என்பதெல்லாம் முன்னமே தெரியும். ஆதலால் நற்பேற்றின்மேல் பழிபோட இடமில்லை. தேர்வு முழுதும் வாங்குபவர் கையிலேயே இருக்கிறது. ஆனால், தேர்வு செய்வதற்கு வந்த பொருள்களின் தொகையோ சிறிதன்று. 'அலை' என்று பெயரிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக 2018 வரையில் 14 அலைகள் கடைக்கு வந்தன. பெயரும் பொருத்தமே.

இனி, யார் எதற்காக வாங்குகிறார் என்பதைக் கவனிப்போம். போட்டிகளுக்குச் செல்லும் ஆட்டக்காரர் தமக்கென ஓர் அணியை அமைத்துக்கொள்கிறார். கலவோட்டிகளுக்கும் மேம்பாடுகளுக்கும் சீட்டிலேயே புள்ளிகள் அச்சிடப்பட்டிருக்கும். எல்லாம் கூட்டி 100 புள்ளிகளுக்கு மேற்படலாகாது என்பது முதற்பதிப்பின் விதி. எதிராளி தம் அணியைத் தாமே வாங்கிக்கொண்டு வருவார். ஆகவே, போட்டிக்காரர் தம் பக்கத்தை மட்டும் நினைத்து வாங்கினால் போதும். எடுத்துக்காட்டாக, 12 புள்ளி பெறும் பயிற்சி நிலை டை ஃபைட்டர்கள் எட்டினைச் சேர்த்தால் 96 புள்ளிகள். கூட்டமாகப் பறந்து தாக்கும் இந்த அணி அந்நாளில் பலரை நடுங்க வைத்தது. முதற்பெட்டியில் இரண்டு இருப்பதால், மேலும் ஆறு வாங்க வேண்டும். தொடக்க ஆண்டுகளில் சிறிய கலத்தின் துணைப்பெட்டி 14 டாலர் 95 சென்ட். ஆறுக்கு 89 டாலர் 70 சென்ட்.

வீட்டில் ஆடுபவர் நிலை வேறு. அவருக்கு எதிரே அமர்பவர் யார்? தம்பியாக இருக்கலாம், அடுத்த வீட்டுச் சிறுவனாக இருக்கலாம், ஞாயிறு மாலை வந்த அத்தை மகனாக இருக்கலாம். அவர்கள் எவரும் கையில் கலம் கொண்டு வருவதில்லை. பெட்டிக்குச் சொந்தக்காரன் எடுத்துக் கொடுப்பதைக் கொண்டே அவர்கள் ஆட வேண்டும். ஆதலால், வீட்டில் ஆடுபவர் இருவருக்கும் சேர்த்தே வாங்குகிறார். இதை மனத்திற்கொள்ளாமல் வாங்கிய வீட்டில் நடப்பது என்ன? பிறந்தநாளுக்கு ஒரு கலம், தேர்வில் தேறியதற்கு ஒரு கலம் என்று அண்ணனுடைய அணி மட்டும் வளர்கிறது. தம்பி அதே இரண்டு டை ஃபைட்டர்களோடு அமர்ந்திருக்கிறான். நான்கு முறை தோற்பான். ஐந்தாம் முறை, 'எனக்குப் படிக்க வேண்டியிருக்கிறது' என்பான். அதன்பின் அண்ணனுக்கு ஆட ஆளில்லை. விலையுயர்ந்த கலங்கள் யாவும் கண்ணாடி அலமாரிக்குள் போய்விடும். அடுத்த கலம் வாங்கித் தந்தால் ஆர்வம் மீளும் என்று தந்தை நினைத்து, அதையும் அதே பக்கத்திற்கு வாங்கி வருகிறார்!

எனவே, வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி 'எது வலிமை மிக்கது?' என்பதன்று. 'இதை வாங்கினால் எதிரே அமர்பவர் எதை எடுத்து ஆடுவார்?' என்பதே.

இக்கண்ணோட்டத்தில் பார்த்தால், முதலாவதாக வாங்கத்தக்கது எந்தப் புதிய கலமும் அன்று. அதே முதற்பெட்டியின் இரண்டாம் படியே ஆகும். கேட்டவுடன் பிள்ளைகள் முகம் வாடும். ஏற்கெனவே உள்ளதை ஏன் மீண்டும் வாங்க வேண்டும் என்பார்கள். கணக்கைக் காட்டுவோம். முதற்பெட்டியின் அன்றைய விலை 39 டாலர் 95 சென்ட். அதிலுள்ள மூன்று கலங்களையும் தனித்தனித் துணைப்பெட்டிகளாக வாங்கினால் 44 டாலர் 85 சென்ட் ஆகும். குறைந்த விலைக்கு மூன்று கலங்களோடு, இரண்டாவது வழியட்டைத் தொகுதியும் பகடைகளும் கிடைக்கின்றன. பகடைகள் வேண்டுவது ஏன்? முதற்பெட்டியில் சிவப்பில் மூன்றும் பச்சையில் மூன்றுமே உண்டு. எக்ஸ்-விங் அருகில் வந்து சுடும்போதோ நான்கு வேண்டும். ஒன்றை உருட்டி, நினைவில் வைத்து, மீண்டும் உருட்ட வேண்டிய தொல்லை. இருவருக்கும் தனித்தனி வழியட்டைகள் இருந்தால் ஆட்டமும் தடையின்றி ஓடும்.

புள்ளிக் கணக்கும் அழகாகப் பொருந்துகிறது. ஒரு பக்கம் லூக் ஸ்கைவாக்கர் 28, பிக்ஸ் டார்க்லைட்டர் 25, ஆக 53. மறுபக்கம் 'மௌலர்' மித்தெல் என்ற ஓட்டிக்கு 17, பயிற்சி நிலை ஓட்டிகள் மூவருக்கு 36, அதுவும் 53. இரண்டுக்கு நான்கு என்று எதிர்நிற்கும் இந்த ஆட்டம், பின்னர் வந்த எந்தக் கலத்தையும் வேண்டாமலேயே பல மாதங்களுக்குப் போதுமானது. வெட்ஜ் ஆன்டிலிஸ் முதலிய சில ஓட்டிகளின் சீட்டுகள் தனித் துணைப்பெட்டியில்தான் உண்டு என்பது மெய்யே. வெட்ஜ் இல்லாமலும் மாலைகள் இனிமையாகக் கழியும்.

அதன்பின் வாங்குவதாயின், இணையிணையாக வாங்குதல் நன்று. முதல் அலையிலேயே வந்தவை 'ஒய்-விங்', 'டை அட்வான்ஸ்ட்' என்ற இரண்டும். ஒய்-விங் மந்தமானது, ஆனால், அடி தாங்கும். அதன் சுழல் பீரங்கி எத்திசையிலும் திரும்பும். அதனால் தாக்குண்ட கலம் அடுத்த சுற்றில் மெல்ல நேரே நகர்வதன்றி வேறு வகையில் நகரவியலாது. புதிதாகக் கற்பவருக்குக் கொடுக்க ஏற்ற கலம் அது. டை அட்வான்ஸ்டோ டார்த் வேடர் ஏறிச்செல்லும் கலம். எந்தப் பிள்ளைதான் வேண்டாம் என்பான்? வேடருக்கு 29 புள்ளிகள். ஒரே சுற்றில் இரண்டு செயல்கள் செய்ய வல்லவர். அவர் ஒருவருக்காகவே அக்கலத்தை வாங்கலாம்.

ஆனால், அக்கலத்தின் வரலாற்றில் ஒரு படிப்பினை உண்டு. வேடரல்லாத சாதாரண ஓட்டியோடு அக்கலம் 21 புள்ளிகள் பெறும். அதே 21 புள்ளிக்கு எக்ஸ்-விங் கிடைக்கிறது. அதற்கு மூன்று தாக்குதல் பகடைகள், இதற்கு இரண்டே. ஆகவே, போட்டிக்காரர்கள் இதனை ஒதுக்கினர். குறையை நிறுவனமும் உணர்ந்தது. 2015-இல் அதனைச் சீர்செய்யும் சீட்டுகளை வெளியிட்டது. எங்கே? 'இம்பீரியல் ரெய்டர்' என்னும் மாபெரும் கலத்தின் பெட்டிக்குள்! அதன் விலை 99 டாலர் 95 சென்ட். பதினைந்து டாலர் கலத்தின் ஊனத்தைத் தீர்க்க நூறு டாலர் பெட்டி. இன்னொன்றும் சொல்வோம். 'ஆட்டோத்ரஸ்டர்ஸ்' என்ற சீட்டு, விரைந்து பறக்கும் பேரரசுக் கலங்களுக்கும் கிளர்ச்சியாளர் கலங்களுக்கும் பெரிதும் பயன்பட்டது. அதுவோ, இவ்விரு சாராரையும் சேராத மூன்றாம் அணியின் 'ஸ்டார்வைப்பர்' பெட்டியில் வைக்கப்பட்டிருந்தது. ஒரு துண்டு அட்டைக்காகத் தமக்குத் தேவையற்ற கலத்தை வாங்கியவர்கள் பலர். மூடிய பொட்டலத்தைக் கைவிட்ட வாணிகம், வேறு வழியாக அதே வாயிலுக்கு வந்து சேர்ந்தது எனலாம்.

வீட்டில் ஆடுபவருக்கு இந்தக் கட்டு இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறோம். அச்சிட்ட மூலச் சீட்டு கையில் இருந்தாக வேண்டும் என்பது போட்டியின் விதியாக இருந்தது. சமையலறை மேசைக்கு அவ்விதி இல்லை. சீட்டின் பயனை ஒரு காகிதத் துண்டில் எழுதி, கலத்தின் சீட்டருகே வைத்துக்கொள்ள இருவரும் இசைந்தால் போதும். தம்பியிடம் கேட்டுவிட்டு எழுத வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. சீட்டுக்காகக் கலம் வாங்காதீர். கலத்துக்காகவே கலம் வாங்குக.

அடுத்து வருவது 'மில்லேனியம் ஃபால்கன்'. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். ஏனெனில், திரைப்படம் கண்ட பிள்ளைகள் முதலிற் கேட்பதும் இதுவே. பெரியவர்கள் தாமே விரும்பி வாங்குவதும் இதுவே. 2013-இல் வந்த இப்பெட்டியின் அன்றைய விலை 29 டாலர் 95 சென்ட். உள்ளங்கையில் வைத்து நோக்கினால், அதன் தகட்டு வேலைப்பாடுகள் அத்தனையும் தெரியும். அழகில் குறையொன்றும் இல்லை. ஆனால், ஆட்டத்தில் அது எத்திசையிலும் சுட வல்லது. முன்னே சொன்ன சுடுகோணக் கட்டுப்பாடு அதற்கு இல்லை. எதிராளி எவ்வளவு அரிதாக ஊகித்து, பின்புறமாக வந்து நின்றாலும் குண்டு வந்து சேரும். ஊகித்துப் பறத்தல் என்னும் இவ்விளையாட்டின் உயிர்நாடியையே அது ஓரளவு தளர்த்திவிடுகிறது. எட்டு வயதுச் சிறுவனுக்கு அது வரமாக அமையும். அவனுக்கு எதிரே அமரும் பன்னிரண்டு வயது அக்காளுக்கு அது அலுப்பாக முடியும். ஆகவே, ஃபால்கனை வேண்டாம் என்று சொல்லோம்; முதலில் வேண்டாம் என்போம். வாங்கும்போது போபா ஃபெட்டின் கலமாகிய 'ஸ்லேவ் ஒன்' பெட்டியையும் உடன் வாங்கும் வசதி இருந்தால் மட்டுமே வாங்குக. அதன் விலையும் அதுவே. அது முன்னும் பின்னும் சுடும். அப்போது நூறு புள்ளி ஆட்டமும் கைகூடும். ஹான் சோலோவுடன் ஃபால்கன் 46, லூக் 28, பிக்ஸ் 25, ஆக 99 ஒருபுறம். போபா ஃபெட் 39, வேடர் 29, மித்தெல் 17, பயிற்சி நிலை ஓட்டி ஒருவர் 12, ஆக 97 மறுபுறம். திரையில் கண்டவர்கள் அனைவரும் ஒரே மேசையில்!

இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்த மனமில்லாதார்க்கு இன்னும் ஓர் இணை சொல்வோம். 2014-இல் 'இம்பீரியல் ஏசஸ்', 'ரெபெல் ஏசஸ்' என்ற இரு பெட்டிகள் வந்தன. முன்னதில் சிவப்பு வண்ணம் பூண்ட 'இன்டர்செப்டர்' கலங்கள் இரண்டு. பின்னதில் 'ஏ-விங்' ஒன்றும் 'பி-விங்' ஒன்றும். ஒவ்வொன்றிலும் இரண்டு கலங்கள் இருக்க, விலையும் இரண்டு கலங்களின் விலையே; சீட்டுகளோ மிகுதி. ஒன்றை அண்ணனுக்கும் மற்றதைத் தம்பிக்கும் ஒரே நாளில் கொடுக்கலாம் என்பது இதன் தனிச்சிறப்பு.

ரெய்டர், 'டான்டிவ் நான்கு' போன்ற மாபெரும் கலங்கள் சாதாரணக் குடும்பத்திற்கு ஏற்றவையல்ல. ஆடுவதற்கு ஆறடி நீள மேசை வேண்டும். ஒரு பக்கம் அதுபோன்ற கலம் இருந்து மறுபக்கம் இல்லையென்றால் ஆட்டமும் சுவைக்காது.

இஃது ஒருபுறமிருக்க, 2018-ஆம் ஆண்டில் நிகழ்ந்ததைப் பெற்றோர் அறிய வேண்டும். அவ்வாண்டு செப்டம்பரில் இவ்விளையாட்டின் இரண்டாம் பதிப்பு வந்தது. பழைய கலங்களைப் பயன்படுத்தலாம். ஆனால், பழைய சீட்டுகளும் சுழல்வட்டுகளும் புதிய போட்டிகளுக்கு உதவா. அவற்றிற்கு மாற்றாக, அணிக்கு ஒன்றாக மாற்றுப்பெட்டிகள் விற்கப்பட்டன. ஒவ்வொன்றும் 49 டாலர் 95 சென்ட். மூன்று அணிகளையும் சேர்த்து வைத்திருந்தவர் ஏறத்தாழ 150 டாலர் கொடுத்துத் தம்மிடம் உள்ள கலங்களையே மீண்டும் பெற வேண்டியிருந்தது. துணைப்பெட்டியின் விலையும் 19 டாலர் 95 சென்ட் ஆயிற்று. 2020-இல் இவ்விளையாட்டின் பொறுப்பு 'அட்டாமிக் மாஸ் கேம்ஸ்' என்னும் மற்றொரு நிறுவனத்திடம் சென்றது; 2022-இல் புள்ளி முறையே மீண்டும் மாற்றி அமைக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இனிப் புதிய கலமோ புதிய விதியோ வெளியிடப்படமாட்டா என்று அந்நிறுவனம் அறிவித்துவிட்டது.

போட்டிக்காரர்களுக்கு அது பெரும் துயரச் செய்தி. ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகச் சென்று ஆடி, நட்பு வளர்த்தவர்கள் அவர்கள். அவர்களுள் பலர் தாமே கூடி விதிகளைப் பேணி, இன்றும் ஆடி வருகின்றனர். ஆனால், இரண்டு எக்ஸ்-விங்கும் நான்கு டை ஃபைட்டரும் வைத்துள்ள வீட்டை இம்மாற்றங்களுள் எதுவும் தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2012-ஆம் ஆண்டின் பெட்டி, அன்று எவ்வாறு ஆடப்பட்டதோ அவ்வாறே இன்றும் ஆடப்படும். புள்ளிகள் சீட்டிலேயே அச்சாகியிருப்பதால் வேறெதையும் தேட வேண்டியதில்லை. இரண்டாம் பதிப்பில் புள்ளிகளைச் சீட்டிலிருந்து நீக்கி, நிறுவனம் அவ்வப்போது வெளியிடும் பட்டியல்களிலும் கைப்பேசிச் செயலியிலும் வைத்தனர். சமநிலையைத் திருத்திக்கொள்ள அது உதவியது மெய்யே. எனினும், கைப்பேசியை எடுத்துவைத்துவிட்டுப் பிள்ளைகளோடு மேசையில் அமர விரும்பும் தாய் தந்தையர்க்கு முதற்பதிப்பே ஏற்றது என்பது நம் கருத்து. இரண்டாம் பதிப்பே கைக்குக் கிடைத்ததாயினும் கவலை வேண்டா. புள்ளிகள் பாராமல் உடனே ஆடுவதற்கென்று, ஓட்டியும் மேம்பாடும் முன்னமே பொருத்தி, வலிமை எண்ணும் குறித்த சிறு அட்டைகளை அப்பெட்டிகளில் வைத்திருக்கின்றனர். இரு பக்கமும் எண்கள் சமமாக வருமாறு எடுத்துக்கொண்டால் ஆட்டம் தொடங்கிவிடலாம். இரு பதிப்புகளின் சீட்டுகளை ஒரே ஆட்டத்தில் கலத்தல் மட்டும் கூடாது.

இன்று இவ்விளையாட்டைத் தேடுவோர், கடைகளில் எஞ்சியிருப்பதையோ பிறர் ஆடி முடித்து விற்பதையோதான் வாங்க வேண்டும். மொத்தமாக விற்பவர்கள், இருபது கலங்களைப் படம்பிடித்துக் காட்டுவார்கள். படத்தில் கலங்களே தெரியும், மற்றவை தெரியா. சிறியவற்றையெல்லாம் முதலில் கேட்டறிய வேண்டும். ஒவ்வொரு கலத்திற்கும் அதற்குரிய சுழல்வட்டு உண்டா? ஒரு கலத்தின் வட்டு மற்றொன்றுக்கு உதவாது. அது இல்லையேல் அக்கலம் நகரவே இயலாது. அடித்தட்டில் செருகும் அட்டையும் கலவோட்டியின் சீட்டும் உள்ளனவா? கலத்தைத் தாங்கி நிற்கும் ஒளிபுகும் சிறு தண்டுகள் பொருத்துமிடத்தில் எளிதில் முறிபவை. அவை முழுமையாக உள்ளனவா, கலத்தின் அடியில் முறிந்த துண்டு சிக்கியுள்ளதா? எந்தப் பதிப்பு என்பதையும் வினவ வேண்டும். சீட்டில் புள்ளி அச்சாகியிருந்தால் முதற்பதிப்பு. முதற்பெட்டியாயின், வழியட்டைகள் 11, பகடைகள் 6, தூரம் அளக்கும் கோல் ஒன்று, சேதச் சீட்டுகள் 33 என்று எண்ணிப் பார்த்துக்கொண்டு, பின்னர் பணத்தைக் கொடுக்கலாம்.